மூன்றாம் நாள் மூச்சு

அத்ரியா,
நவம்பர் 3, 1954

துல்லியோ,

நலம் விசாரித்து ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று அம்மாவின் கல்லறையில் பூ வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைக்காரர் வாசலிலேயே காத்திருந்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். "சின்யோரா எர்சீலியா, உங்க ஓபரா ரெக்கார்டு வந்துடுச்சு! மூணு தட்டு! நீங்க வர்ற வரைக்கும் பெட்டியையே பிரிக்கல" என்றார். அவர் மனைவி, மச்சினன், இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். நானும் மூன்றாம் அங்கம் வரைக்கும் பெருமையாகத்தான் நின்றேன்.

அடப் பாவி, என்ன காரியம் செய்துவைத்திருக்கிறாய்?

சிறைச்சாலைக் காட்சி. விடிந்தால் கதாநாயகி லெயோனில்தாவுக்குத் தூக்கு. சன்னல் கம்பிக்கு வெளியே அவள் சின்ன மகள் நிற்கிறாள். "தூங்கு கண்ணே, நான் இங்கேயே இருக்கிறேன்." பன்னிரண்டு தாளக்கட்டு நீளம், ஒரே மூச்சு. அறுபது வருஷமாக எல்லா சொப்ரானோப் பாடகிகளும் ஒரே மூச்சில் பாடுகிற வரி. ஒருத்தி பாடகியா இல்லையா என்று அரங்கத்து மேல்மாடி ரசிகர்கள் தீர்ப்பு எழுதுகிற இடமே அதுதான். ஆகஸ்டில் மிலானில் பதிவு செய்தபோது முதல் நாள் அதை நான் எப்படிப் பாடினேன்? கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நீயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாயே.

ரெக்கார்டில் இருப்பது அது இல்லை. கிளாரினெட்காரர் தடுக்கிவிட்டார் என்று மூன்றாம் நாள் மறுபடி பாடினோமே, அது. "நான்" என்று சொல்லிவிட்டு நட்டநடுவில், ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு மூச்சு வாங்குகிறேன். அப்புறம்தான் "இங்கேயே இருக்கிறேன்" வருகிறது. மருந்துக்கடைக்காரர் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றைக்கு என்ன புழுக்கம் என்று உனக்குத் தெரியும். மைக்கில் சத்தம் விழும் என்று விசிறிகளை நிறுத்திவிட்டீர்கள். வெளியே டிராம் போகும்போதெல்லாம் பாட்டை நிறுத்தினோம். நான் அப்போதே சொன்னேன், "மாயெஸ்த்ரோ, இது வேண்டாம், நடுவுல மூச்சு விட்டுப்போச்சு." இசை நடத்துகிற ரம்போல்தி குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "முதல் நாளது பத்திரமா இருக்கு, நீங்க ஏன் கவலைப்படறீங்க?" என்றார். எதை வெட்டுவது, எதை ஒட்டுவது என்பது உன் வேலை. கத்தரிக்கோல் உன் கையில்தான் இருந்தது.

நம் ஊர்க் கோயில் ஆர்கனுக்குத் துருத்தி மிதித்தவர் உன் அப்பா. அவருக்குக்கூட எந்த இடத்தில் காற்று வேண்டும், எந்த இடத்தில் கூடாது என்று தெரியும். சின்ன வயதில் ஒரே பாட்டுக்குழுவில் நின்ற பாவத்துக்காக நான் உன்னை நம்பினேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதை மாற்று. இல்லாவிட்டால் இனி என் முகத்தில் விழிக்காதே.

எர்சீலியா


மிலான்,
நவம்பர் 10, 1954

எர்சீலியா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை எழுந்து நின்று படித்தேன். உட்கார்ந்துகொண்டே திட்டு வாங்குவது மரியாதையாக இல்லை.

கை தவறி நடந்த காரியம் இல்லை இது. தெரிந்தே செய்தேன். அதனால் மன்னிப்புக் கேட்டு உன்னை ஏமாற்ற மாட்டேன்.

முதல் நாள் பாட்டு அழகு. அதில் ஒரு குறையும் கிடையாது. செப்டம்பரில் இரண்டு ஒலிநாடாவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். எங்களோடு புரூசா என்று ஒரு கிழவர் இருக்கிறார், நாடா மாட்டுகிறவர். உலகமே பாடினாலும் சைக்கிள் பந்தயச் செய்தியிலிருந்து தலை நிமிர மாட்டார். முதல் நாளதைப் போட்டபோது ஒரு பக்கம் புரட்டினார். மூன்றாம் நாளதைப் போட்டேன். "நான்" என்று நீ சொன்னாய், மூச்சு வாங்கினாய். புரூசா பேப்பரை மடித்துவிட்டார். "அய்யோ, இந்தப் பொண்ணு பொய் சொல்லுது" என்றார்.

யோசித்துப் பார். விடிந்தால் சாகப்போகிறவள், பெற்ற பிள்ளையிடம் "இங்கேயே இருக்கிறேன்" என்கிறாள். அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்குத் தெம்பு வேண்டாமா? அறுபது வருஷமாக எல்லாரும் அதைத் தாலாட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போனார்கள். அவள் பொய் சொல்கிறாள் என்று இதுவரை ஒருவருக்கும் கேட்கவில்லை. நீ மூச்சு வாங்கினதும் ரம்போல்தியின் கை அப்படியே நின்றுவிட்டது, கிளாரினெட் தன் சுரத்தைப் பிடித்தபடி உனக்காகக் காத்திருக்கிறது, வாத்தியக்காரர்கள் அறுபது பேரும் காத்திருக்கிறார்கள். அப்படி ஒரு இடத்தை நான் வெட்டிப் போடுவதா?

ரம்போல்தியிடம் போட்டுக் காட்டினேன். "இதான். இதையே வை" என்றார். தட்டுகள் அச்சாகி லாரியில் ஏறிவிட்டன. இனிமேல் போப்பாண்டவரே கேட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

திட்டி இன்னொரு கடிதம் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

துல்லியோ


பார்மா,
பிப்ரவரி 18, 1955

துல்லியோ,

எழுதவே கூடாது என்றுதான் மூன்று மாதம் வைராக்கியமாக இருந்தேன். இன்றைக்கு எழுதாவிட்டால் வயிறு வெடித்துவிடும்.

செவ்வாய்க்கிழமை இங்கே முதல் ஆட்டம். ரெக்கார்டில் போன மானத்தை மேடையில் மீட்பது என்று முடிவு செய்துகொண்டு வந்தேன். அந்த வரியை ஒரே மூச்சில் பாடினேன். கடைசி இரண்டு தாளக்கட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விடவில்லை, பாடி முடித்தேன். பார்மாவின் மேல்மாடி உனக்குத் தெரியும், தும்மினால்கூடச் சுருதி பார்க்கிற கூட்டம். ஒருத்தன் கைதட்டவில்லை. மேலேயிருந்து ஒரு குரல், "மூச்சு எங்கம்மா?" இன்னொருத்தன், "வீட்டுல கேட்டதே நல்லா இருந்துச்சே!" சிரிப்பு. அந்தச் சிரிப்பின் நடுவில் நான் செத்துப்போகிற காட்சியை நடிக்க வேண்டியிருந்தது.

ஆட்டம் முடிந்து ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். முடிதிருத்துகிறவனாம், கூச்சல் போட்டதில் அவனும் ஒருத்தனாம். "கோவிச்சுக்காதீங்க, சின்யோரா. நல்லாத்தான் பாடினீங்க. எனக்கு ஏழு வயசுல எங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 'சாயங்காலம் வந்துடறேன்டா'ன்னா. அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுத்தா. நான் அதை மறந்தே போயிட்டேன். உங்க ரெக்கார்டைக் கேட்டப்பதான் ஞாபகம் வந்துச்சு. நேத்து வரைக்கும் இருந்ததை இன்னிக்கு நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களே" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

நேற்று இரண்டாவது ஆட்டம். மூச்சு வாங்கினேன். கைதட்டல் நிற்கவே இல்லை, ரம்போல்தி இரண்டு தடவை குச்சியைத் தூக்கிவிட்டு இறக்கினார்.

நீ ஜெயித்துவிட்டாய், துருத்திக்காரன் மகனே. சந்தோஷமா? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அது நான் ஆறு மாதம் யோசித்து வைத்த மூச்சு என்று சொல்லிவிட்டேன். வெயிலில் திணறினேன் என்றா சொல்ல முடியும்? நீயும் வாயைத் திறக்காதே. சொல்லப்போனால் நடுவில் மூச்சு எடுப்பது எனக்கும் சௌகரியமாகத்தான் இருக்கிறது.

உன் மனைவி ஜெம்மாவைக் கேட்டதாகச் சொல்.

எர்சீலியா


மிலான்,
நவம்பர் 22, 1955

புகழ்பெற்ற எர்சீலியா அம்மையாருக்கு,

இப்படித்தானே இனி எழுத வேண்டும்? வாரப் பத்திரிகையில் உன் பேட்டியைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் ஜெம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "லெயோனில்தாவின் ஆன்மாவைத் தேடி ஆறு மாதம் மௌனமாக இருந்தேன்." ஆறு நிமிஷம் நீ மௌனமாக இருந்து நான் பார்த்தது கிடையாது.

இங்கே பைத்தியம் பிடித்து அலைகிறார்கள். போன வாரம் இசைக்கல்லூரி ஆசிரியர் ஒருவர் வந்தார், அந்த மூச்சு எவ்வளவு நேரம் என்று அளந்து தர வேண்டுமாம். நாடாவை இழுத்து அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு சென்டிமீட்டர், ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலே. பயபக்தியோடு நோட்டில் குறித்துக்கொண்டு போனார். ரம்போல்தியும் வாத்தியக்காரர்களின் தாள் ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை வானொலியில் உன் ஆட்டம் கேட்டேன். இரண்டாம் அங்கத்திலும் இரண்டு புது மூச்சு வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. சத்தியம் செய்கிற இடத்தில் ஒன்று, அப்பாவோடு சண்டை போடுகிற இடத்தில் ஒன்று. கெட்டிக்காரி! பெண் முதலிலிருந்தே திணறுகிறாள் என்று காட்டிவிட்டாய். இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

துல்லியோ


அத்ரியா,
ஜனவரி 14, 1957

துல்லியோ,

இதை நீ மட்டும் படி. ஜெம்மாவிடம்கூட இப்போது சொல்லாதே.

இரண்டாம் அங்கத்து மூச்சை நான் வைக்கவில்லை. அது தானாக வந்தது. இப்போது முதல் அங்கத்திலும் வருகிறது. மாடிப்படி ஏறினால் வருகிறது, தலைவாரினால் வருகிறது. மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது. சாயங்காலத்தில் கணுக்கால் வீங்கிக் காலணி ஏற மறுக்கிறது. டிசம்பரில் ஒருநாள் இருமினபோது கைக்குட்டையில் இளஞ்சிவப்பாக இருந்தது. நான் பயந்துபோயிருக்கிறேன், துல்லியோ.

ரம்போல்தியிடம் சொன்னேன், "மாயெஸ்த்ரோ, எனக்கு மூச்சு போதலை." அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அதுதாம்மா உன் சொத்து. அதை மட்டும் சரி பண்ணிடாதே" என்றார்.

டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்பாய். போனேன். பார்மாவில் டாக்டர் ஃபெர்ரகூத்தி, பாடகர்கள் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். முப்பது வருஷமாக ஒரு ஆட்டம் விடாத மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நெஞ்சில் குழாயை வைத்தார், வைத்தவுடனே எடுத்துவிட்டார். "எனக்கு மூச்சு வாங்குது டாக்டர்" என்றேன். "உங்க மூச்சைப் பத்தி எனக்கா சொல்றீங்க, சின்யோரா? எனக்கு அது மனப்பாடம்!" என்று சிரித்தார். "இல்லை டாக்டர், நிஜமாவே வாங்குது" என்றேன். "அதானே! நிஜமாவே வாங்கறதாலதானே அது அப்படி இருக்கு. நீங்க அந்தப் பாத்திரத்தை வீட்டுக்கும் கூட்டிட்டுப் போயிடறீங்க. கொஞ்சம் கடல் காத்து, கொஞ்சம் சத்து மருந்து, பாத்திரத்தை மேடையிலேயே விட்டுட்டு வாங்க" என்று சொல்லிக் கையை முத்தமிட்டு வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவருக்காக அந்த ஒரு வரியைப் பாட வேண்டும் என்றும் கேட்டார். பாடினேன். அழுதார்.

தப்பு என் மேலேயும் இருக்கிறது. யோசித்து வைத்த மூச்சு என்று ஊர் பூராவும் சொன்னவள் நான்தானே? இப்போது இது வேறே என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சில நாள் எனக்கே குழப்பமாக இருக்கிறது. அதனால் உன்னைக் கேட்கிறேன். அந்த மூன்றாம் நாள் நீ கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாய். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே முடியவில்லையா, இல்லை வெயிலா? உனக்கு ஞாபகம் இருந்தால் மறைக்காமல் எழுது. அவர்களிடம் நீ சொன்னால் கேட்பார்கள்.

எர்சீலியா


மிலான்,
பிப்ரவரி 5, 1957

எர்சீலியா,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஞாபகம் இருக்கிறது. பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நாங்கள் நாடாவை ஓட விட்டுவிடுவோம். அதனால் பேச்சும் அதில் பதிவாகும். அந்தப் பாட்டுக்கு முன்னால் நீ பேசினது அதில் இருந்தது. "கொஞ்சம் இரு துல்லியோ, நெஞ்சை அடைக்குது, கண்ணெல்லாம் இருட்டுது." அப்புறம் என் குரல். "அடுத்த டிராம் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம், ஆரம்பி." நீ ஆரம்பித்தாய்.

செப்டம்பரில் அந்தப் பேச்சை நான்தான் வெட்டினேன். பாட்டுக்கு முன்னால் பேச்சு இருக்கக் கூடாது, அது வழக்கம். வெட்டின துண்டு குப்பைக்கூடைக்குப் போயிற்று. அதைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன், எர்சீலியா. ஆனால் அது என் மண்டையில் ஏறவே இல்லை. பாட்டில் வருகிற மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "உனக்கு என்ன செய்தது?" என்று இரண்டரை வருஷமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ வானொலியில் திணறினபோது கெட்டிக்காரி என்று எழுதினேன். அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துப் போடு.

சும்மா இருக்கவில்லை. ரம்போல்தியைப் பார்த்தேன். "பாடறவங்க எல்லாருக்கும் பயம் வரும் துல்லியோ, நீ அதுக்குத் தூபம் போடாதே" என்றார். ரயிலேறிப் பார்மா போனேன். ஃபெர்ரகூத்தியிடம் நாடாவில் இருந்த பேச்சைச் சொன்னேன். "அந்தத் துண்டு எங்கே?" என்றார். இல்லை என்றேன். "நீங்க நாடா ஒட்டறவர், நான் டாக்டர். பெரிய பாடகிங்க மேடை ஏறுறதுக்கு முன்னாடி என்னென்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு என்னை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, அந்த ரெக்கார்டையே போட்டுக் காட்டினார். நான் ஒட்டின நாடாவை எனக்கே விளக்கினார். எழுந்து வரக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை, முடியும் வரை உட்கார்ந்து கேட்டேன்.

நீ அந்த டாக்டரை விட்டுவிடு. பதுவாவுக்குப் போ, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பெயரைச் சொல்லாதே. வேறு ஏதாவது பெயரைக் கொடு. உன்னைத் தெரியாத டாக்டராகப் பார்த்துப் போ. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

துல்லியோ


பதுவா,
ஜூன் 9, 1957

துல்லியோ,

நீ சொன்னபடி செய்தேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒப்பந்தம் இருந்தது, அதை முடித்துவிட்டுத்தான் வர முடிந்தது. திட்டாதே.

சார்தீனியாக்காரப் பையன் ஒருத்தன், டாக்டராகி இரண்டு வருஷம்கூட இருக்காது. ஓபரா என்றால் என்ன என்றே தெரியாது, ஆடு மேய்த்த குடும்பமாம். குழாயை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பக்கவாட்டில் படுக்கச் சொல்லி மறுபடி கேட்டான். இத்தனை வருஷத்தில் என்னை இவ்வளவு கவனமாகக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். "சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" என்றான். ஒன்பது வயதில் வந்தது. ஒரு குளிர்காலம் பூராவும் பாட்டுக்குழுவுக்கு வராமல் கிடந்தேனே, அது. அப்போதே இதயத்துக் கதவு ஒன்று சுருங்க ஆரம்பித்திருக்கிறது. வருஷா வருஷம் இன்னும் சுருங்கியிருக்கிறது.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டான். பாடுகிறேன் என்றேன். "இந்த மூச்சை வெச்சுக்கிட்டா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இருமல் வந்து, அவன் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

இப்போதெல்லாம் அந்தக் கதவை அறுவைசிகிச்சையில் விரலை விட்டு விரித்துவிடுகிறார்களாம், பெரிய டாக்டர் வந்து சொன்னார். "மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா செஞ்சிருக்கலாம். இப்ப நுரையீரல் கெட்டிப்பட்டுப் போச்சு, கத்தி வெச்சா மேசையிலேயே போயிடும்" என்றார். மூன்று வருஷம் முன்னால் என்றால் எந்த ஆகஸ்ட் என்று உனக்கும் எனக்கும் தெரியும். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

இனி பாட்டு கிடையாது. உப்புப் போடாத கஞ்சி, மாத்திரை, கட்டில். ரம்போல்தி பூக்கூடை அனுப்பினார். "ஓய்வெடுத்துக்கொண்டு திரும்பி வா" என்று அட்டையில் எழுதியிருந்தது.

இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கேட்கிற புது மாதிரி ரெக்கார்டுக்காக அதே ஓபராவை மறுபடி பதிவு செய்யப்போகிறார்களாம், நீவெஸ் என்ற பெண் பாடுகிறாளாம். நல்ல குரல் அவளுக்கு, குதிரை மாதிரி நெஞ்சு. துல்லியோ, உன்னிடம் நான் பெரிதாக எதுவும் கேட்டதில்லை, திட்டித்தான் இருக்கிறேன். இப்போது கேட்கிறேன். அவளை அந்த வரியை ஒரே மூச்சில் பாட வை. என் நோயை எல்லாப் பெண்களும் நடித்துக் காட்டுவதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு தடவையாவது அந்த வரி முழுசாக வெளியே வரட்டும். கேட்கிறவர்களுக்கு, "ஓ, அப்படியானால் எர்சீலியாவுக்கு என்னவோ ஆகியிருந்தது" என்று அப்போதாவது தோன்றும்.

எர்சீலியா


மிலான்,
செப்டம்பர் 20, 1958

அன்புள்ள எர்சீலியா,

நேற்று பதிவு முடிந்தது. நல்ல செய்தி எழுத வேண்டும் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். என்னிடம் அது இல்லை.

நீவெஸ் தங்கமான பெண். தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், உன் நெஞ்சு, டிராம், நான் வெட்டின துண்டு. அழுதுவிட்டாள். "நான் ஒரே மூச்சுல பாடறேன் சார், மாயெஸ்த்ரோ திட்டினா திட்டட்டும்" என்றாள். சொன்னபடியே பாடினாள். "நான் இங்கேயே" என்று நிற்காமல் போய்விட்டாள். ஆனால் வாத்தியக்காரர்கள் போகவில்லை. கிளாரினெட் அந்த இடத்தில் தானாகவே நின்றது. பிடில்காரர்கள் வில்லைத் தூக்கிவிட்டார்கள். யாருமில்லாத தெருவில் அவள் தனியாக ஓடிப்போன மாதிரி ஆகிவிட்டது. ரம்போல்தி, "ஏம்மா, மூச்சு எங்கே?" என்றார்.

மறுபடி பாடினாள். மறுபடி நின்றார்கள். நான் கீழே இறங்கிப்போய், நிற்காமல் வாசியுங்கள் என்று கெஞ்சினேன். பழைய ஆட்கள், என்னைத் தெரிந்தவர்கள், முயற்சி செய்தார்கள். நாலு தடவை. நாலு தடவையும் யாராவது ஒருத்தர் கை நின்றுவிட்டது. "துல்லியோ, எங்களால ஆகலை. அந்த இடம் வந்தா கை தானா நிக்குது, வேணும்னு செய்யலை" என்று கிளாரினெட்காரர் கிட்டத்தட்ட அழுதார். பென்சில் கோட்டை அழித்துப் பார்த்தோம், கோடு இல்லாமலும் நின்றார்கள். ஐந்தாவது தடவை நீவெஸ் என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். மூச்சு எடுத்தாள். எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். ரம்போல்தி அவளைக் கட்டிக்கொண்டார்.

வெட்டி எடுத்து ஒட்டிவிடலாம் என்று ராத்திரியெல்லாம் பார்த்தேன். மூச்சை எடுத்தால் கிளாரினெட் அறுகிறது. கிளாரினெட்டைச் சரி செய்தால் அவள் குரல் அறுகிறது. பத்து வருஷமாக இந்தக் கத்தரிக்கோலைப் பிடிக்கிறேன், ஒரு நொடி நாடாவை என்னால் எடுக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெம்மாவும் நானும் வந்து உன்னைப் பார்க்கலாமா? வர வேண்டாம் என்றால் சொல்லிவிடு, தப்பாக நினைக்க மாட்டேன்.

துல்லியோ


அத்ரியா,
மார்ச் 16, 1959

துல்லியோ,

நீங்கள் இரண்டு பேரும் வந்துவிட்டுப் போனது எனக்கு ஆறுதல். ஜெம்மா பண்ணின உப்பில்லாத சூப்பு மட்டும் கொஞ்சம் தண்டனை. நீ அன்றைக்கு அழுதது போதும், இனி அழாதே, உன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோபப்படுவதற்கும் நெஞ்சில் இடம் வேண்டியிருக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வெயில் நன்றாக இருந்தது. பூசைக்குப் போகலாம் என்று ஆசை வந்து, பக்கத்து வீட்டு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். போகும்போது நன்றாகத்தான் போனேன். திரும்பும்போது அவள் யாரோடோ பேச நின்றுவிட்டாள், எனக்கென்ன திமிரோ, தனியாகவே வாய்க்கால் பாலத்தில் ஏறிவிட்டேன். பதினோரு படி. ஏழாவது படியில் நெஞ்சு பூட்டிக்கொண்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாலத்தை ஒட்டி இருக்கிறதே அந்தக் காப்பிக்கடை, அங்கே வானொலியில் நீவெஸின் புது ரெக்கார்டு போட்டிருந்தார்கள். அந்தக் காட்சி அப்போதுதான் முடிந்தது. நன்றாகத்தான் மூச்சு எடுக்கிறாள், துல்லியோ, நான் எடுத்ததைவிட நன்றாக. விலாங்கு மீன் விற்கிறவர், மருந்துக்கடைக்காரர், அவர் மச்சினன், சீட்டாடுகிற கிழவர்கள் எல்லாரும் வெளி மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டார். "நம்ம எர்சீலியா!" என்றார். எல்லாரும் எழுந்து பாலத்தடிக்கு வந்தார்கள்.

நான் அவர்களைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். விட்டு விட்டு, சத்தத்தோடு. உள்ளே காற்றே போகவில்லை. மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "கேளுங்கடா, கேளுங்க. எந்தப் பொண்ணு பாடினாலும் இது வருமா?" என்றார். விலாங்குக்காரர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். ஒருவர்கூடப் படியேறி வரவில்லை.

எனக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. அதைக் கேட்க வாயைத் திறந்தேன். உடனே வானொலியை நிறுத்தினார்கள். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள், ஒரு குழந்தை அழுதது, அதையும் அடக்கினார்கள்.

"ஒரு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

எர்சீலியா